பன்றி விலா புகை போட்டால் காயாமல், மெத்தென்று வர என்ன செய்கிறீர்கள்? ரீயூனியன் அடுப்பு அனுபவங்கள்

காரைக்காலான், சேன் ஆந்த்ரே

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்த ரீயூனியன் தீவுக்கு வருகிற நம்மவர்கள் முதலில் சாப்பிடும் புகைக்கறி பூக்கானேதான். உப்பு தடவிய பன்றிக்கறியை விறகடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, கறுத்து இறுகும்வரை புகையில் விடுவார்கள். அதை அப்படியே கடித்துத் தின்பதில்லை. கொதிக்கவைத்து உப்பை இறக்கி, தக்காளி வெங்காயத்தோடு ருகாய் என்கிற காரக் குழம்பு வைப்பார்கள். வாழைப்பூ போட்டும் சமைப்பார்கள், பலாப்பிஞ்சைக் கொத்திப் போட்டும் சமைப்பார்கள். (பலாப்பிஞ்சுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.) திரும்ப வேகப்போகிற கறி காய்ந்திருந்தால் பாதகமில்லை. அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருகிற விலாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

பன்றிக்கறி 63 டிகிரி செல்சியஸிலேயே சாப்பிடும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த நிலையில் விலாவைக் கடித்தால் ரப்பர்தான். எலும்பை ஒட்டிய இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், 70 டிகிரியைத் தாண்டிய பிறகு மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. வாயில் ஈரமாக, வழுவழுப்பாகத் தெரிவது அந்தப் பசைதான். அதனால் அடுப்புச் சூட்டை 110 முதல் 120 டிகிரிக்குள் பிடித்துவைத்து, கறியின் உள்சூடு 90-ஐத் தாண்டும்வரை பொறுத்திருப்பேன். கரி ஒரு பக்கம், கறி மறுபக்கம், கரிக்கு அருகே ஒரு தட்டில் தண்ணீர். உப்பு மட்டும் முந்தின இரவே தடவிவிடுவேன். மிளகு, பூண்டு, மஞ்சள் எல்லாம் காலையில்.

எலும்புப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை உரிக்காமல் விடாதீர்கள். கத்தி முனையால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, வழுக்காமல் இருக்க பேப்பர் துண்டால் பிடித்து இழுத்தால் சர்ரென்று ஒரே உரிப்பாக வந்துவிடும்.

வாழையிலை, சேன் பியேர்

அண்ணன் சொன்ன சூடு சரி. நடுவில் வரும் ஒரு கட்டத்தையும் சொல்லவேண்டும். உள்சூடு 65, 70 வரை மளமளவென்று ஏறி, அப்படியே நின்றுவிடும். மேற்புறம் வியர்த்து ஆவியாகும்போது கறி தன்னைத் தானே குளிர்த்துக்கொள்கிறது. பலர் இங்கேதான் பொறுமையிழந்து கரியை அள்ளிப் போடுகிறார்கள், கறியும் காய்ந்துவிடுகிறது. நான் அந்த நேரத்தில் நிறத்தைப் பார்ப்பேன். செம்மண் நிறம் வந்திருந்தால் வாழையிலையை வாட்டி விலாவைச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டிவிடுவேன். பிறகு கறி தன் சாற்றிலேயே வேகும். எங்கள் மாமியார் இலை மணத்துக்காகவே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

இணையத்தில் 3-2-1 என்று ஒரு கணக்கு சுற்றுகிறது: மூன்று மணி நேரம் புகை, இரண்டு மணி மூடி, ஒரு மணி திறந்து. பெரிய, கொழுத்த விலாவுக்கு அது பொருந்தும். முதுகுப் பக்கத்துச் சின்ன விலாவை அத்தனை நேரம் மூடிவைத்தால் குழைந்து எலும்பு தனியே கழன்றுவிடும். கடிகாரத்தைவிட இடுக்கியை நம்பலாம். ஒரு முனையில் பிடித்துத் தூக்குங்கள்: விலா நன்றாக வளைந்து, மேல்தோலில் கீறல் விழுந்தால் பதம். எலும்பு நுனியில் கறி அரை விரல் அளவு பின்வாங்கியிருப்பதும் தெரியும்.

மலைக்காற்று, பிளேன் தே காஃப்ர்

கடற்கரைக்காரர்கள் சொல்லும் நேரம் இங்கே செல்லாது. சுமார் 1,600 மீட்டர் உயரம், ஜூலை ஆகஸ்டில் குளிர்காற்று வேறு. இரும்புப் பீப்பாய் அடுப்பின் சூட்டை அந்தக் காற்று உறிஞ்சிவிடும். சுவர் மறைவில் வைத்து, மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

விறகைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கோயாவியே என்று இங்கே சொல்கிற சின்னச் சிவப்புக் கொய்யாவின் கட்டை எனக்குப் பிடித்தது. லீச்சிக் கட்டையும் நல்லது. நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். பச்சைக் கட்டை போட்டால் வெள்ளை வெளேரென்று புகை கிளம்பி, கறி கசக்கும். மெல்லிய நீலப் புகை வந்த பிறகுதான் விலாவை உள்ளே வைப்பேன்.

காரைக்காலான், சேன் ஆந்த்ரே

தங்கச்சி சொன்ன வாழையிலை யோசனை அருமை, அடுத்த ஞாயிறு அதுதான். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: இறக்கினதும் வெட்டாமல் கால் மணி நேரமாவது மூடிவையுங்கள். வெட்டும்போது எலும்புப் பக்கம் மேலே இருக்கட்டும், கத்தி எங்கே இறங்கவேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.