புதுப்பிப்பு: பழைய போன் பேட்டரியிலிருந்து கோபால்ட், கரைத்த பிறகு நடந்தது

போன மாதம் எழுதிய இழையின் தொடர்ச்சி இது. பேட்டரியின் கறுப்புத் தூளான லித்தியம் கோபால்ட் ஆக்சைடை, சல்ஃபூரிக் அமிலம் இல்லாமல் சிட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொண்டு கரைத்ததைச் சொல்லியிருந்தேன். 'கரைந்தது சரி, உலோகங்களைத் தனித்தனியாக எப்படி எடுப்பீர்கள்?' என்று கேட்டிருந்தீர்கள். கஷ்டமான பாதியே அதுதான்.

ஆக்சாலிக் அமிலம் கைகொடுத்தது. ரோஜா நிறக் கரைசலில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் முதலில் லேசாகக் கலங்கியது. சற்று நேரத்தில் வெளிர் ரோஜாத் தூள் குடுவையின் அடியில் படிந்தது. அது கோபால்ட் ஆக்சலேட், நீரில் கரையாது. லித்தியம் ஆக்சலேட் கரையும் என்பதால் லித்தியம் திரவத்திலேயே நின்றுவிடுகிறது. உலோகங்களைப் பிரிக்க மண்ணெண்ணெயில் கலந்து பயன்படுத்தும் ரசாயனங்கள் எதுவும் தேவைப்படவில்லை. எனக்குப் பெரிய சந்தோஷம் அதில்தான்.

அப்புறம் ஒரு திருத்தம். வடித்த திரவத்தில் சோடியம் கார்பனேட் சேர்த்தால் கிடைக்கும் லித்தியம் கார்பனேட்டைக் குளிர்ந்த நீரில் கழுவலாம் என்று எழுதியிருந்தேன். தவறு. பெரும்பாலான உப்புகள் சூடான நீரில் அதிகம் கரையும், லித்தியம் கார்பனேட் அதற்கு நேர்மாறு: 100 மில்லி நீரில் 20 டிகிரியில் சுமார் 1.3 கிராம் கரையும், 100 டிகிரியில் சுமார் 0.7 கிராம்தான். ஆகவே திரவத்தைச் சுண்டக் காய்ச்சி, சூடாகவே வடிகட்டி, வெந்நீரில் கழுவுங்கள். நிறைய உப்பை இழந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

நிக்கல் கலந்த கார் பேட்டரிக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. நிக்கலும் ஆக்சலேட்டாகச் சேர்ந்தே படிந்துவிடும். தயவுசெய்து யாரும் வீட்டில் பேட்டரியைப் பிரிக்காதீர்கள், தீப்பிடிக்கும். நான் செய்ததெல்லாம் கல்லூரி ஆய்வகத்தில், ஃபியூம் ஹூடுக்குள் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டு).