ஆற்றங்கரையில் குழுவாக மிதிவண்டிப் பயணம்: மெதுவாக வருபவரைத் தனியே விடாமல் செல்வது எப்படி?

கேட்டவர்: கரைவழி

நண்பர்களுக்கு வணக்கம். 12 வயதுச் சிறுவன் முதல் 64 வயதுப் பெரியவர் வரை நாங்கள் 14 பேர், மாதம் ஒருமுறை ஆற்றங்கரைப் பாதையில் 30 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்று வருகிறோம். பந்தயம் எதுவும் இல்லை. தண்ணீரைப் பார்த்தபடி பேசிக்கொண்டு போகவேண்டும் என்ற ஆசையில்தான் தொடங்கினோம். ஆனால் சென்ற முறை பாதி வழியிலேயே குழு மூன்றாகப் பிரிந்துவிட்டது. முன்னே போனவர்கள் இரண்டு இடங்களில் நின்று காத்திருந்தார்கள் என்றாலும், கடைசியாக வந்து சேர்ந்த அம்மையார், "என்னால் எல்லோருக்கும் தாமதம், அடுத்த முறை நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார். காத்திருந்தும் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பின்துணை

வணக்கம். எங்கள் குழுவில் பல ஆண்டுகளாகக் கடைசி ஆளாக வருவது என் பொறுப்பு. எனக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அதற்கு விதி. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் காத்திருந்தீர்கள், ஆனால் அவர் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த முறை நிற்கும் இடத்தில் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முதலில் வந்தவர்கள் ஐந்து நிமிடம் நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, கால்களை உதறிவிட்டிருப்பார்கள். கடைசியாக வருபவர் ஒரு காலைத் தரையில் ஊன்றித் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே, "எல்லோரும் வந்தாயிற்று, கிளம்பலாம்" என்று முன்னே ஒருவர் பெடலில் கால் வைத்துவிடுவார். இப்படி, ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கே அது கிடைக்காமல் போகிறது. கடைசி ஆள் வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகு ஐந்து நிமிடம், அதன் பின் அவரே கிளம்பலாம் என்று சொல்லும்வரை யாரும் ஏறக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் வேறு எந்த மாற்றத்தையும் விட இந்த ஒன்றுதான் ஆட்களைத் தக்கவைத்தது.

தாமதம் என்பதும் நாம் அஞ்சும் அளவுக்குப் பெரியதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறவர் 20 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் போவார். 12 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்நேரத்தில் 4 கிலோமீட்டர் வந்திருப்பார். மீதியைக் கடக்க அவருக்கு ஐந்தே நிமிடம் போதும். அடிக்கடி நிற்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிட்டால்தான் இடைவெளி 3 கிலோமீட்டராகிறது. அப்போது வளைவுக்கு வளைவு வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டு ஒருவர் தனியே மிதிக்க வேண்டியிருக்கிறது. மனம் சோர்வது அங்கேதான்.

பதில்: எதிர்காற்று

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் இவ்வளவு காத்திருப்பதற்குப் பதிலாக, மெதுவாக மிதிப்பவரையே முதல் ஆளாக விட்டால் இடைவெளி உண்டாகவே வாய்ப்பில்லையே.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆற்றின் திறந்த பரப்பில் காற்றைத் தடுக்க மரமோ கட்டடமோ இல்லாததால் கரையில் அது நேராக முகத்தில் அடிக்கும். காற்றின் தடை, மோதும் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் காற்று வீசினால், உடலில் மோதும் காற்று 30 ஆகிறது; தடை நான்கு மடங்காகிவிடும். ஆகவே, கால்கள் புதிதாக இருக்கும் முதல் பாதியை எதிர்காற்றில் கடந்து, திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும்படி புறப்படும் திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். களைத்த பின் எதிர்காற்றில் வீடு திரும்புவது பழகியவர்களுக்கே கடினம்.

பதில்: பின்துணை

காற்றைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் முதல் ஆளாக விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். பின்னால் பத்துப் பேர் வருகிறார்கள் என்ற எண்ணத்திலேயே அவர் தம் சக்திக்கு மீறி மிதித்து, எட்டாவது கிலோமீட்டரில் மூச்சிரைத்து நின்றுவிட்டார். எதிர்காற்றையும் அவர்தான் முதலில் வாங்க வேண்டியிருந்தது. அவரை மூன்றாவதாக வரச் செய்து, நிதானம் தெரிந்த ஒருவரை முன்னே விடுங்கள். முன்னே போகிறவர் அவ்வப்போது திரும்பிப் பார்த்து, மூன்றாவது ஆள் பேசிக்கொண்டு வருகிறாரா என்று கவனிக்கட்டும். பேச்சு நின்றுவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

பதில்: மண்பாதை

பாதையைப் பற்றியும் ஒரு சொல். கரையோர மண்ணிலும் சரளைக்கல்லிலும் டயரில் காற்று மிகுதியாக இருந்தால், வண்டி ஒவ்வொரு கல்லிலும் துள்ளிக் கையையும் முதுகையும் வருத்தும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள அளவுகளில் கீழ் எல்லையை ஒட்டி, ஆனால் அதற்குக் குறையாமல், காற்றை வையுங்கள். குறைந்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே ட்யூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகளோடு பஞ்சராகும். ஈரமான மரப்பாலத்தின் மேல் பிரேக் பிடிப்பதும் ஹேண்டிலைத் திருப்புவதும் வேண்டாம். பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி இடைவெளி என்பது ஏறத்தாழ 8 மீட்டர். சரளையில் அதை ஒருபோதும் குறைக்காதீர்கள். சிறுவனைத் தண்ணீர்ப் பக்கமாக விடாதீர்கள்.

கேட்டவர்: கரைவழி

அனைவருக்கும் நன்றி. தண்ணீர்ப் புட்டியின் மூடியைப் பற்றிப் படித்ததும் மனம் உறுத்தியது. அன்று அப்படியே நடந்தது, கிளம்பலாம் என்று சொன்னவனும் நானே. இன்று மாலை அந்த அம்மையாரைச் சந்தித்து, அடுத்த பயணத்தில் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவரையே முடிவு செய்யுமாறு கேட்கப் போகிறேன். கடைசி ஆளாக நான் வருகிறேன்.