கண்ணாடிக் கூண்டுக்குள் வியர்க்கும் ரோஜாக்கள்: உதவி தேவை

வணக்கம். என் பெற்றோரின் மணிவிழாவுக்குக் கடந்த ஆகஸ்டில் வாங்கிக் கொடுத்த, கிளிசரின் ஏற்றிப் பதப்படுத்திய 5 சிவப்பு ரோஜாக்கள், 3 வாரங்களாகக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே வியர்த்துக்கொண்டிருக்கின்றன. வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கும் வரை பூக்களில் ஒரு குறையும் இல்லை. இப்போது வெளியிதழ்களின் ஓரம் எண்ணெய் பட்ட காகிதம்போல ஆகிவிட்டது, தொட்டால் விரலில் பிசுபிசுக்கிறது, சாயம் கசிந்து மரப்பீடத்தில் ஒரு ரூபாய்க் காசளவுக்குக் கறையும் படிந்திருக்கிறது.

கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், 20 செ.மீ. உயரமுள்ள அந்தக் கூண்டுக்குள் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராம் வைத்தேன். இரண்டே நாளில் மணிகள் ஈரம் நிறைந்து இளஞ்சிவப்பாகிவிட்டன, ஓவனில் 120 டிகிரியில் உலர்த்தி மறுபடி வைத்தும் அதே கதைதான். ஏசி அறையில் ஒரு வாரம் வைத்தபோது வற்றிய ஈரம், வெளியே எடுத்த மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. முடி உலர்த்தியின் குளிர்காற்றைக் காட்டியதில் ஓர் இதழ் அடியோடு பிய்ந்தது. அந்தப் பக்கம் இனிப் போவதாக இல்லை. வெயிலில் வைக்கச் சொன்னார் கடைக்காரர். சாயம் வெளுத்துவிடும் என்பதால் அதைச் செய்யவில்லை. கூண்டின் அடிப்பகுதி பீடத்தின் பள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வளையம் எதுவும் இல்லை.

இதழ்கள் உடையாமல், ஏறிய ஈரத்தை மட்டும் எடுத்து, மழைக்காலம் முடியும் வரை அது திரும்பாமல் தடுக்கக் கடலோர ஊர்க்காரர்கள் எந்த முறையைக் கையாண்டு வெற்றி கண்டீர்கள்?