பிஎஸ்எல்வி அடுத்தடுத்து இருமுறை தவறியபின் இஸ்ரோவின் எதிர்காலத் திட்டங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி: கீழ்வானம்

2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி-சி61 ஏவூர்தி இஓஎஸ்-09 செயற்கைக்கோளுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. மூன்றாம் கட்டத்தின் எரிகலனில் அழுத்தம் குறைந்ததால் அந்தப் பயணம் தோல்வியில் முடிந்தது. எட்டு மாதங்களுக்குள், 2026 ஜனவரி 12 அன்று ஏவப்பட்ட சி62 ஏவூர்தியும் மூன்றாம் கட்டத்தின் இறுதியில் தடுமாறிப் பாதை விலகியது. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் புவியைக் கண்காணிக்கும் நிசார் செயற்கைக்கோளை இஸ்ரோவின் இன்னொரு ஏவூர்தியான ஜிஎஸ்எல்வி பழுதின்றிக் கொண்டுசேர்த்தது. கனரக ஏவூர்தியான எல்விஎம்3 இரண்டு முறை வெற்றிகரமாகப் பறந்தது. மிகக் கடினமானவற்றைச் செய்து முடிக்கும் ஒரு நிறுவனம், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைவந்த ஏவூர்தியில் எப்படிச் சறுக்குகிறது? 2027இல் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் பயணம், 2035இல் விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என்று அறிவிக்கப்பட்டுள்ள இலக்குகளை இந்தத் தோல்விகளுக்குப் பிறகு எப்படிப் பார்ப்பது? உணர்ச்சிவசப்படாத, விவரமான விடைகளை எதிர்பார்க்கிறேன்.

மறுமொழி 1: இயந்திரவியல் ஆசிரியன்

பிஎஸ்எல்வியின் நான்கு கட்டங்களில் முதலாவதும் மூன்றாவதும் திட எரிபொருளால் இயங்குபவை. இரண்டாவதும் நான்காவதும் திரவ எரிபொருளால் இயங்குபவை. உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. திரவ எஞ்சினைத் தரையில் எரித்துப் பார்க்கலாம். குறை தென்பட்டால் வால்வை மூடி நிறுத்திவிடலாம். திட எரிபொருள் மோட்டாரில் அதற்கு வழியே கிடையாது. பறக்கப்போகும் மோட்டார் அதற்கு முன் ஒருமுறைகூட எரிந்திருக்காது, பற்றவைத்த பிறகு அதை அணைக்கவும் முடியாது. அதே அச்சில் வார்த்த வேறொரு மோட்டாரை எரித்துச் சோதித்ததும், எரிபொருளில் வெடிப்போ காற்றறையோ உள்ளதா என்று ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்ததும்தான் நம் கையில் இருக்கும் சான்றுகள். வார்ப்பின்போதோ, எரிபொருளை உறையின் உட்பூச்சோடு ஒட்டும்போதோ, முனைக்குழாயைப் பொருத்தும்போதோ நேரும் மிகச் சிறிய பிசகுகூட நூறு கிலோமீட்டருக்கு மேலே போன பிறகுதான் வெளிப்படும்.

2025க்கு முன் பிஎஸ்எல்வி முழுமையாகத் தோற்றது இரண்டே முறைதான். 1993 செப்டம்பரில் நடந்த முதல் பறத்தலில் மென்பொருள் பிழை இருந்தது. 2017 ஆகஸ்டில் சி39இன் வெப்பக் கவசம் பிரியவில்லை. ஆகவே வடிவமைப்பைவிடத் தயாரிப்பின் தரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் ஊகம். அதே நேரத்தில் இரு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. சி61இல் அழுத்தம் விழுந்தது. சி62இல் மூன்றாம் கட்டம் முடியும் நேரம்வரை செயல்பாடு எதிர்பார்த்தபடியே இருந்ததாகவும், அதன் பிறகே ஏவூர்தி தன் அச்சில் உருளும் வேகத்தில் குலைவு ஏற்பட்டதாகவும் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் அன்றே கூறினார். நோயின் இடம் ஒன்று, அறிகுறிகள் வேறு.

மறுமொழி 2: திறந்த கோப்பு

மேலே உள்ள விளக்கம் சரியானது என்றாலும், நாம் இவ்வாறு ஊகித்துக்கொண்டிருக்க நேர்ந்ததே என்னுடைய முதன்மையான குறை. 2021 ஆகஸ்டில் ஜிஎஸ்எல்வி-எஃப்10 தோற்றபோது, திரவ ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு ஒன்றில் கசிவு ஏற்பட்டு அழுத்தம் குறைந்ததையும், அதனால் கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின் சரிவர இயங்காததையும் இஸ்ரோவே விளக்கமாக வெளியிட்டது. 2022 ஆகஸ்டில் சிறிய ஏவூர்தியான எஸ்எஸ்எல்வியின் முதல் பறத்தல் தவறியபோதும் அப்படித்தான். இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வு, வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளின் அளவெல்லையை மீறியது. உணர்கருவிகள் பழுதாகிவிட்டன என்று கணினி தவறாக முடிவுசெய்து மாற்று வழிக்குச் சென்றது. செயற்கைக்கோள்கள் கூடிய உயரம் 356, குறைந்த உயரம் 76 கிலோமீட்டர் என்ற, நிலைக்க முடியாத சுற்றுப்பாதையில் விடப்பட்டன. இவ்வளவும் பொதுவெளியில் வைக்கப்பட்டது. ஆறே மாதங்களில் அதே எஸ்எஸ்எல்வி வெற்றிகரமாகப் பறந்தது.

சி61இன் தோல்வி ஆய்வு அறிக்கையோ சி62 புறப்படும் நாள்வரை மக்கள் பார்வைக்கு வரவில்லை. சி62இல் பாதுகாப்புத் துறைக்கான முதன்மைச் செயற்கைக்கோளுடன் சென்றவை வெளிநாட்டுச் செயற்கைக்கோள்களும், மாணவர்களும் புதுத் தொழில்முனைவோரும் உருவாக்கியவையும் ஆகும். முந்தைய தோல்விக்கு என்ன காரணம், எது திருத்தப்பட்டது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அந்த முதன்மைச் செயற்கைக்கோளைப் பற்றி மௌனம் காப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஏவூர்தியின் மூன்றாம் கட்ட மோட்டாரில் அப்படி என்ன இரகசியம் இருக்கிறது?

மறுமொழி 3: வரவுசெலவு

அறிக்கை வெளிவந்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது: நாம் போதிய அளவு பறப்பதில்லை. 2025 முழுவதும் இந்தியா செய்தவை ஐந்து ஏவுதல்கள். அவற்றுள் ஒன்று சி61. ஆண்டுக்கு ஐந்தே முறை ஏவும்போது ஒவ்வொரு தோல்வியும் ஆண்டுக் கணக்கையே குலைத்துவிடுகிறது. ஒரு தயாரிப்பு வரிசை ஓய்ந்து ஓய்ந்து இயங்கினால் கைத்திறனும் மங்கும் என்பதை எந்தப் பட்டறைக்காரரும் சொல்வார். 2025-26க்கு விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 13,416 கோடி ரூபாய். அதற்குள் ககன்யானும் நிலவுப் பயணங்களும் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் அடங்க வேண்டும்.

இந்தியாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கே இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. முதலில் அனுப்பப்பட்ட செயற்கைக்கோள்கள் சிலவற்றில், இறக்குமதி செய்யப்பட்ட ரூபிடியம் அணுக்கடிகாரங்கள் பழுதாயின. ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாக 2025 ஜனவரி 29 அன்று சென்ற நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-02, எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிகரணி தன் எஞ்சினுக்குச் செல்லும் வால்வு திறக்காததால் தொடக்கச் சுற்றுப்பாதையிலேயே தங்கிவிட்டது. அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விடையின்படி, ஏவப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் இருப்பிடம் காட்டும் சேவையை அளித்தவை நான்கு மட்டுமே. இருப்பிடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு தேவை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் நிலைமையின் நெருக்கடி விளங்கும். பழுதானதற்கு மாற்றை உடனுக்குடன் அனுப்பும் வேகம் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

எடையிலும் நாம் பின்தங்கியிருக்கிறோம். 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-என்2 செயற்கைக்கோளை 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன் 9 ஏவூர்தியில்தான் அனுப்ப வேண்டியிருந்தது. இதற்கு விடையாக, தாழ்நிலைச் சுற்றுப்பாதைக்கு 30 டன் சுமக்கும் அடுத்த தலைமுறை ஏவூர்திக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2035 விண்வெளி நிலையத்தின் கதி பெரிதும் இந்த ஏவூர்தியையே சார்ந்தது.

மறுமொழி 4: தேரிக்காடு

வரவுசெலவு அவர்களின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் வேகம் கூடுவதற்கான அடித்தளம் இப்போதுதான் இடப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இரண்டாவது ஏவுதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வடக்கு தெற்காகத் துருவங்களின் மேலே செல்லும் துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் ஏவூர்தி, இலங்கையின் மீது பறக்காமலிருக்க வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. பிஎஸ்எல்வி அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். எஸ்எஸ்எல்வி போன்ற சிறிய ஏவூர்திக்கோ சுமையில் பெரும்பகுதியே போய்விடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்மீது பறக்கலாம்.

எஸ்எஸ்எல்வியைத் தயாரிக்கும் உரிமையை 2025இல் அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் ஏலத்தில் வென்றிருக்கிறது. சென்னையைச் சேர்ந்த தனியார் ஏவூர்தி நிறுவனமான அக்னிகுல், முப்பரிமாண அச்சில் உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30 அன்று சோதனைப் பறத்தலை நடத்தியது. வழக்கமான தயாரிப்பைத் தொழிற்சாலைகளிடம் விட்டுவிட்டு இஸ்ரோ ஆராய்ச்சியில் கவனம் செலுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் மோட்டாரின் தரத்தைச் சோதித்துக் கையொப்பமிடும் பொறுப்பு யாருடையது என்பதை அதற்கு முன் தெளிவாக வரையறுக்க வேண்டும்.

கீழ்வானம்

அனைவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. ககன்யான் பறக்கப்போவது எல்விஎம்3 ஏவூர்தியில் என்பதால், பிஎஸ்எல்வியின் தோல்விகள் அதைத் தொடாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மறுமொழி 5: இயந்திரவியல் ஆசிரியன்

நேரடியாகத் தொடாது. எல்விஎம்3 இதுவரை தோற்றதே இல்லை. ஆனால் அதன் இருபுறமும் உள்ள எஸ்200 மோட்டார்களும் திட எரிபொருளால் இயங்குபவையே. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் எரிபொருள் வார்க்கப்படுகிறது. ஆபத்து நேரத்தில் வீரர்கள் அமர்ந்திருக்கும் கலத்தைப் பிடுங்கிக்கொண்டு விலகும் தப்புதல் அமைப்பின் மோட்டார்களும் அதே வகைதான். ஆகவே மூன்றாம் கட்ட மோட்டாரில் நேர்ந்தது தயாரிப்புப் பிழை என்று உறுதியானால், அந்தப் பாடம் ககன்யான் குழுவின் மேசைக்கும் போயாக வேண்டும்.

2018இல் அறிவித்தபோது 2022 என்று சொன்ன பயணம் 2027க்குத் தள்ளிப்போயிருப்பதைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் அதில் சேரமாட்டேன். தப்புதல் அமைப்பைச் சோதிக்க 2023 அக்டோபர் 21 அன்று ஏற்பாடு செய்திருந்தபோது, ஏவுதலுக்கு ஐந்து நொடிகள் இருக்கையில் கணினி தானாகவே எண்ணிக்கையை நிறுத்தியது. நேரலையில் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று என்று குழுவினர் ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, அதை அப்போதே வெளிப்படையாகச் சொல்லி, அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள். சி61 அறிக்கையைப் பற்றித் திறந்த கோப்பு அவர்கள் கேட்பதும் இந்தப் பழக்கத்தைத்தான்.