ஒன்பதாம் வகுப்புப் பையன் கையில் கலர் கயிறு, பயப்பட வேண்டுமா?

நெல்லை அம்மா:
மகன் ஒன்பதாவது படிக்கிறான். அரையாண்டுப் பரீட்சைக்கு அப்புறம் கையில் இரண்டு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வந்தான், சாதி அடையாளமாகக் கட்டுவார்களே, அதுதான். கேட்டால், "எல்லாப் பயலும் கட்டிருக்கான்" என்கிறான். ட்யூஷன் விட்டும் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வருவதில்லை. போனில் அரிவாள் ரீல்ஸ். போன வாரம் தம்பியை ஸ்கேலால் அடித்ததில் காது கிழிந்துவிட்டது. 2023-இல் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டியது நினைவுக்கு வந்து தூக்கமே போச்சு. இவன் அப்பாவோ "வயசுக் கோளாறு" என்கிறார்.

பழைய பீட்டி வாத்தியார்:
அம்மா, ரீல்ஸைவிட அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு உறுத்துகிறது. யாரோடு, எங்கே நிற்கிறான்? அமெரிக்காவில் 2001-இல் அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையும் 12 முதல் 14 வயதில் தப்பான சேர்க்கை, கேங், ஒட்டாத உறவுகள் இவற்றைத்தான் பெரிய ஆபத்தாகச் சொல்கிறது. மைதானத்தில் நானும் பார்த்திருக்கிறேன். தனியாக வந்தால் "சார், சார்" என்பவன், பின்னால் நாலு பேர் நின்றால் அடுத்தவன் காலரைப் பிடிப்பான்.

கயிறு கூடாது என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் சொன்னது நியாயம்தான். ஆனால் நீங்களாகப் பிடுங்கினால் நாளைக்குப் பையில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் கட்டுவான். அவனுக்கு அதில் ஒரு கூட்டம் கிடைத்திருக்கிறது. வேறு கூட்டம் கொடுங்கள். பல தெருப் பையன்கள் கலந்து ஆடுகிற கபடி டீம் பக்கத்தில் இருக்கிறதா? முரட்டுப் பையன்களை மட்டும் சேர்த்து கேம்ப் நடத்துகிறார்கள் என்றால் அனுப்பாதீர்கள், ஒருத்தனுக்கொருத்தன் பாடம் எடுத்துவிடுவான்.

தென்காசிக்காரன்:
ஊர் முழுக்கச் சாதிச் சங்க பேனர். பையனை மட்டும் திருத்தி என்ன ஆகப்போகிறது சார்?

பழைய பீட்டி வாத்தியார்:
பேனரும் காரணம்தான் தம்பி, மறுக்கவில்லை. அம்மாவால் பேனரைக் கழற்ற முடியாதே.

கவுன்சிலர் அக்கா:
அம்மா, தப்பா நினைக்காதீங்க. வீட்டில் யாராவது ஸ்கேலால் அடிப்பாங்களா?

நெல்லை அம்மா:
அவர் பெல்ட்டால் அடிப்பார். மார்க் குறைந்தால் மட்டும்தான்.

கவுன்சிலர் அக்கா:
முதலில் அது நிற்கணும். அடிபட்டு வளர்கிற எல்லோரும் அடிப்பதில்லை, ஆனால் ஆபத்து கூடும். அப்பா கேட்க மாட்டார் என்றால், மாமாவோ சித்தப்பாவோ அவன் மதிக்கிற பெரியவர் ஒருவர் வாரா வாரம் அவனோடு பேசட்டும். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417-க்கும் கூப்பிடுங்கள். இனியும் தம்பியை அடித்தால் தள்ளிப்போடாதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

நெல்லை அம்மா:
என் தம்பி சொன்னால் இவன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன். கபடி பிடிக்காது, கேரம் என்றால் உயிர்.

பழைய பீட்டி வாத்தியார்:
கேரமே போதும்மா. ஆடுகிற இடத்தில் பொறுப்பான ஆள் ஒருத்தர் இருக்கணும், அவ்வளவுதான்.