பால்டர்ஸ் கேட் 2: பேக்ஸ்டாப் பாதி வழியிலேயே சொதப்புவது ஏன்?

மூன்றாம்வரிசை

பால்டர்ஸ் கேட் 2 கணினி விளையாட்டின், 2000-இல் வந்த பழைய பதிப்புதான். 10-ஆம் லெவல் தீஃப் (திருடன் பாத்திரம்). ஹைட் இன் ஷேடோஸ் (நிழலில் மறையும் திறன்) 65, மூவ் சைலன்ட்லி (சத்தமில்லாமல் நகரும் திறன்) 35. ஸ்டடட் லெதர் தோல் கவசம், +1 ஷார்ட் ஸ்வோர்ட் (சிறு வாள்). கதவுக்கு இந்தப் பக்கம் மறைந்து கிளம்பினால், அறைக்குள் நிற்கும் மந்திரவாதியை நெருங்குவதற்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடுகிறான். தப்பித்தவறிப் போய், மறைவிலிருந்து முதுகில் குத்திப் பல மடங்கு சேதம் தரும் பேக்ஸ்டாப்பைப் போட்டாலும் சில நேரம் எதிரிக்கு ஒரு கீறல்கூட விழுவதில்லை. அதற்குள் உள்ளே இருக்கும் கூட்டம் மொத்தமும் வெளியே வந்து நம் ஆட்களைச் சூழ்ந்துகொள்கிறது. ஹைட் இன் ஷேடோஸை 100 ஆக்கினால் சரியாகுமா? பதுங்கித் தாக்க பார்ட்டியை (நம் ஆறு பேர் குழுவை) எப்படி நிறுத்துவது?

பின்கட்டு

ஹைடை மட்டும் ஏத்தினா போதாதுங்க. பிஜி2-ல (பால்டர்ஸ் கேட் 2) ரெண்டு ஸ்கில்லோட சராசரியைத்தான் கேம் பார்க்கும். உங்களுக்கு இப்ப 50. ரவுண்டுக்கு ஒரு தடவை, அதாவது 6 நொடிக்கு ஒரு தடவை, புதுசா பகடை உருளும். அறையைக் கடக்க மூணு ரவுண்ட் ஆகுதுன்னா மூணு தடவையும் தப்பிக்கணும்: 0.5 × 0.5 × 0.5. நூத்துக்குப் பன்னிரண்டு சொச்சம்தான். ஹைடை 100 ஆக்கி மத்ததை 35-ல விட்டா சராசரி 67. மூணு ரவுண்டும் தாண்டுறதுக்கு நூத்துக்கு 30. ரெண்டும் 90-ன்னா 73. அதனால அடுத்த லெவல்ல வர்ற பாயின்ட்டை முதல்ல மூவ் சைலன்ட்லில போடுங்க.

ஸ்கில் ஏறுற வரைக்கும் ரவுண்ட் எண்ணிக்கையைக் குறைக்கிறதுதான் வழி. தூரத்துல மறைஞ்சு ஊர்ந்து போகாதீங்க. கதவுக்குப் பக்கத்துச் சுவரை ஒட்டி நின்னு, மறையற பட்டனை அழுத்தி, மறைஞ்ச அந்த நொடியே கிளம்புங்க. பூட்ஸ் ஆஃப் ஸ்பீட் (வேகக் காலணி) இருந்தா அதை தீஃபுக்கே கொடுங்க, மூணு ரவுண்ட் வழி ஒண்ணரை ரவுண்ட்ல முடியும். வெட்டவெளியில பகல் நேரத்துல மறைவு குறையும். இரவு வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்.

நடுவழியில தெரிஞ்சுட்டா அங்கேயே நின்னு பட்டனைத் தட்டிக்கிட்டு இருக்காதீங்க. எதிரி பார்வையில இருக்கும்போது மறைய முடியாது. மூலை திரும்பி, பார்வையை அறுத்துக்கிட்டு, பட்டன் திரும்ப உயிர்பெற ஒரு ரவுண்ட் காத்திருந்து அப்புறம் அழுத்தணும். டிராப் (பொறி) தேடுறதும் மறையறதும் ஒரே நேரத்துல ஓடாது என்பதையும் நினைவுல வைங்க.

சாம்பல்கொடி

கீறல் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டோன்ஸ்கின், அதாவது அடிக்கு ஒன்றாக உரியும் கல்தோல்களைப் போர்த்தும் காப்பு மந்திரம். நான்கு மடங்கு குத்தும் அதற்கு ஒரே அடிதான். ஒரு தோல் உரியும், அவ்வளவே. மிரர் இமேஜ் (பொய்யுருவங்களை உண்டாக்கும் மந்திரம்) இருந்தால் குத்து பொய்யுருவத்தின் மேல் போய்விடும். பிஜி2 மந்திரவாதிகள் பலர் உங்கள் ஆட்களைக் கண்டவுடன்தான் இந்தக் காப்புகளைப் போடுவார்கள். எனவே தீஃப் தனியாகப் போக வேண்டும், மற்ற ஐந்து பேரும் கண்ணில் படவே கூடாது. உங்கள் ஃபைட்டர் (போர்வீரர்) கதவில் தலையை நீட்டிய நொடியே வாய்ப்பு போயிற்று. காப்பு ஏறிவிட்டால் ட்ரூ சைட் மந்திரத்தால் பொய்யுருவங்களையும், பிரீச் மந்திரத்தால் ஸ்டோன்ஸ்கின்னையும் கழற்றிவிட்டுத்தான் தீஃபை அனுப்ப வேண்டும்.

ஆயுதமும் மாற வேண்டும். பேக்ஸ்டாப் பெருக்குவது ஆயுதத்தின் சொந்த டேமேஜை மட்டும். ஸ்ட்ரெங்த்தால் (உடல் வலு) வரும் கூடுதல், பெருக்கிய பிறகுதான் சேரும். உங்கள் லெவலில் பெருக்கம் 4 (13-ஆம் லெவலில் 5 ஆகும்). +1 ஷார்ட் ஸ்வோர்ட் 8 முதல் 28 வரை தரும். +1 கட்டானா 8 முதல் 44 வரை. ஸ்டாஃப் ஆஃப் ஸ்ட்ரைக்கிங் என்ற கோல் ஓர் ஆறுமுகப் பகடையோடு 9 சேர்த்து அடிக்கும், பெருக்கினால் 40 முதல் 60. சில அடிகளில் சார்ஜ் தீரும் பொருள்தான், ஆனால் மந்திரவாதியை ஒரே அடியில் சாய்க்க அதைச் செலவழிப்பதில் தப்பே இல்லை. வில், கவண் எதுவும் பேக்ஸ்டாப் ஆகாது. கோலெம்கள் (மந்திரப் பதுமைகள்), பார்பேரியன் கிட் (போர்வீரரில் ஓர் உட்பிரிவு) உள்ளவர்கள் மேல் பெருக்கம் வேலை செய்யாது.

மிக முக்கியமான அறைகளுக்கு ஸ்கில்லையே நம்ப வேண்டாம். இன்விசிபிலிட்டி (ஆளை மறைக்கும்) ஸ்பெல்லுக்கு ரவுண்டுக்கு ரவுண்ட் பகடை கிடையாது. தாக்கும் வரை நிற்கும், அதிலிருந்தும் பேக்ஸ்டாப் விழும்.

மூன்றாம்வரிசை

நன்றி, சராசரி விஷயம் தெரியவே தெரியாது. வெளியே வரும் கூட்டத்துக்கு ஸ்கல் டிராப் (பக்கத்தில் வந்தால் வெடிக்கும் மண்டையோட்டு மந்திரம்) மூன்று வைத்துப் பார்த்தேன். எதிரிகளை இழுத்து வரப் போன ஆர்ச்சர் (வில்லாளி) திரும்பி வரும்போது அவர் மேலேயே வெடித்துவிட்டது.

பின்கட்டு

போட்டவரைத் தவிர யார் 20 அடிக்குள்ள வந்தாலும் ஸ்கல் டிராப் வெடிக்கும், நம்மாளு எதிரின்னு பார்க்காது. இழுக்கப் போறவர் அதைத் தாண்டிப் போகவே கூடாது. ஆர்ச்சர் நம்ம பக்கமே நிக்கட்டும். டிராப் நடுவுல, அதுக்கு அந்தப் பக்கம் கதவு. கதவு திறந்ததும் ஒரே ஒரு அம்பு விட்டா போதும், அவங்களே ஓடிவந்து மிதிப்பாங்க. தீஃபும் அந்த 20 அடிக்கு வெளியே, சுவர் மறைவுல. மூணையும் ஒரே புள்ளியில வைங்க. ஒண்ணு வெடிக்கிறப்ப எல்லாம் சேர்ந்து வெடிக்கும். 9-ஆம் லெவல் மந்திரவாதி போட்டா ஒண்ணுக்கு ஒம்பது ஆறுமுகப் பகடை, சராசரி 31. மூணுக்கும் சேர்த்து 94 பக்கம். சேவ் (தப்பிக்கிறதுக்கான பகடை) எடுத்தவனுக்குப் பாதி.

மிச்சம் வர்றவனை ரெண்டு ஃபைட்டர் குறுகலான இடத்துல மறிக்கட்டும். அவங்க மேலயே அவன் கண்ணு இருக்கும், முதுகு தீஃப் பக்கம் திரும்பும். ஸ்பேஸ்பாரைத் தட்டி நிறுத்தி, எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறான்னு பார்த்துட்டு அப்புறம் கட்டளை கொடுங்க. ஓடுற ஆளைத் துரத்தாதீங்க, எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள மறைவு போயிடும்.

கோல்ட்பாக்ஸ்காரர்

இதே கணக்கை எல்லா விளையாட்டுக்கும் கொண்டுபோய்விட வேண்டாம் என்பதற்காக ஒரு வரி. 1988-இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸில் சண்டைக்குள் மறைவதே கிடையாது. எதிரியை முதலில் நம்மில் வேறொருவர் தாக்க வேண்டும். தீஃப் அவருக்கு நேர் எதிர்ப்புறம், எதிரியின் மறுபக்கக் கட்டத்தில் நின்று அடித்தால்தான் பேக்ஸ்டாப். மூலைவிட்டமாக ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் சாதா அடிதான்.

சாம்பல்கொடி

பிஜி2-க்கே திரும்பினால், ஸ்கல் டிராப் தீர்ந்திருந்தால் வெப் (வலையில் சிக்கவைக்கும் மந்திரம்) போடலாம். ரவுண்டுக்கு ரவுண்ட் சேவ், அதுவும் -2-உடன். ஆனால் நம்மவர்களும் சிக்குவார்கள், எனவே ஃபைட்டர்கள் விளிம்புக்கு வெளியே நின்று வில்லால் அடிக்கட்டும். ஃப்ரீ ஆக்‌ஷன் மோதிரம் (வலையில் சிக்காமல் நடக்கவிடும்) இருந்தால் அதை தீஃபுக்குப் போட்டு, சிக்கி நிற்பவர்களின் பின்னால் அனுப்புங்கள். சிலந்திகள் மேல் மட்டும் வெப்பை வீணாக்காதீர்கள், அவற்றை அது பிடிக்காது.