புதுப்பிப்பு: மயக்கத்தில் இருந்த பூனையும் என் தவறும்

ஒத்தக்கடையில் உள்ள என் சிறிய கிளினிக்கில் கருத்தடைக்கு மயக்கிய பூனைகளுக்கு இதயத் துடிப்பு மாறுபாடு ஏறக்குறைய பூஜ்யமாக வருகிறதே, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழி மயக்க மருந்தின் மேல் விழுந்தது. தவறு என்னுடையது.

எண்களை நான் எடுத்தது நாக்கில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரின் திரையிலிருந்து. அது பல துடிப்புகளின் சராசரியைக் காட்டுகிறது. மாறுபாடோ துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடிக் குறைவது. சராசரியில் அதைத் தேடுவது சலித்த மாவில் தவிட்டைத் தேடுவது போல.

இப்போது இசிஜி. நிமிடத்துக்கு 180 துடிப்பு என்றால் இடைவெளி சுமார் 333 மில்லி விநாடி. விநாடிக்கு 250 புள்ளிகள் பதிந்தால் 4 மில்லி விநாடி நுட்பம்தான் கிடைக்கும். 1000 புள்ளிகளுக்கு மாற்றினேன். மின்விசிறியை நிறுத்தியதும் மின்சாரத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 50 முறை) இரைச்சல் குறைந்தது. மதுரை வெயிலில் இது உதவியாளருக்குப் பிடிக்கவில்லை.

மாறுபாட்டைக் கணக்கிடும் மென்பொருளும் மனிதர்களுக்கானது. மூச்சோடு வரும் ஏற்ற இறக்கத்தை 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரைதான் தேடுகிறது. நிமிடத்துக்கு 30 முறை மூச்சுவிடும் பூனைக்கு அது 0.5. எல்லையை நானே உயர்த்தினேன்.

நெல்பேட்டை மீன் கடைக்காரரின் கடுவன் பூனைக்குத் துடிப்பு இறங்கியதால், அதை உயர்த்தும் அட்ரோபின் மருந்தைப் போட்டேன். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்து, மாறுபாடு நிஜமாகவே படுத்துவிட்டது. அந்தப் பதிவைத் தனியே வைத்திருக்கிறேன்.

விழித்ததும் அது இசிஜி கம்பியைக் கடித்துவிட்டது. “டாக்டர் ஐயா, அதைப் பில்லில் சேர்த்துவிடாதீர்கள்” என்றார் கடைக்காரர்.